மலையூரில் அரைத்த இறால் தீனி

ராத்தா,

இன்று காலை ஆலையில் கூனி மூட்டை ஒன்றை அவிழ்த்தேன். காய்ந்த பொடி இறாலின் அந்த வாடை முகத்தில் அடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. வெளியே கண்டி வீதியில் பஸ்கள் இரைந்துகொண்டு போயின. மழை பிடிக்கப் பார்த்தது. "கடல் எங்க, நாங்க எங்க. ஆனா பாருங்க, பிலிமத்தலாவையே சிலாபம் மாதிரி மணக்குது" என்று சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நீங்கள் சிரிப்பது காதில் கேட்டது. நீங்கள் கண்மூடியபின் வந்திருக்கும் முதல் நோன்பு மாதம் இது. மூட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நான் முதன்முதல் உங்கள் ஆலை வாசலுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரே ஒரு அறிவுதான்: இறால் எதைத் தின்றால் வளரும் என்பது. மட்டக்களப்பு வாவிக்கரையில் நான் வேலை பார்த்த பண்ணை சண்டையில் எரிந்துபோனது. நான் பிறந்த யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையும் மூடிக் கிடந்தது. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் ஓர் அறை கிடைத்தது, வேலைதான் கிடைக்கவில்லை. கண்டியைச் சுற்றியிருந்த கோழித்தீனி ஆலைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். என் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் எல்லோருக்கும் இடம் நிரம்பிவிட்டது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. கலவரத்தில் கடைகள் எரிந்ததைக் கண்ணால் கண்ட ஊர். யாருக்கும் பயம் விட்டுப்போகவில்லை.

நீங்கள் அட்டையைக் கேட்கவேயில்லை.

"கோழிக்குத் தீனி செய்யத் தெரியுமா?" என்றீர்கள்.

"செய்வன். ஆனா எனக்கு இறாலுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"ரெண்டும் வாயாலதானே திங்கிற? உள்ளுக்கு வாங்க, கதிரையில இரிங்க."

அன்றைக்கு உங்களுக்கும் நெருக்கடி என்று எனக்குத் தெரியாது. உங்கள் கணவர் மௌத்தாகி, ஆலை உங்கள் தலையில் விழுந்து அதிக காலம் ஆகவில்லை. கோழிப்பண்ணைக்காரர்கள் பெரிய கம்பனித் தீனிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஆலையை மூடி இரும்புக் கடையாக்க வேண்டும் என்று உங்கள் கணவரின் தம்பி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "மச்சான் கெட்டவரு இல்ல. அவருக்கு என்ட மேல நம்பிக்க இல்ல, அவ்வளவுதான்" என்று பிறகொரு நாள் சொன்னீர்கள். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் அவரிடம் தவணை வாங்கியிருந்தீர்கள்.

சிலாபம் பக்கம் இறால் பண்ணைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. தீனி முழுக்கக் கப்பலில் வந்தது. கப்பல் பிந்தினால் பண்ணைக்காரர்கள் கையில் அகப்பட்டதைக் குளத்தில் போட்டார்கள். இறால் வளராமல், ஓடு இறுகாமல், மெத்தென்று கிடந்து செத்தது. நாங்களே செய்து பார்த்தால் என்ன என்று ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டேன். கோப்பையை வைத்துவிட்டு, "கோழித் தீனிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டீர்கள்.

கோழி கொத்தி விழுங்கிவிடும், இறால் காலால் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கொறிக்கும் என்று சொன்னேன். அதுவரைக்கும் தீனி தண்ணீரில் கரையாமல் நிற்க வேண்டும். ஓட்டைக் கழற்றிப் புதிய ஓடு போட்டுத்தான் இறால் வளரும். அதற்குச் சுண்ணாம்புச் சத்தும் மற்ற உப்புகளும் வேண்டும். நாங்கள் பயப்படுகிற கொலஸ்ட்ரோல் இறாலுக்குக் கட்டாயம் தேவை, தன் உடம்பில் அதைத் தானே உண்டாக்க அதற்கு முடியாது என்று சொன்னபோது நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். "டொக்டர் எனக்கு வேணாண்டு சொல்றத எல்லாம் இறாலுக்குக் குடுக்கணுமா? சரி, குடுப்பம்."

முதல் தீனி வெட்கக்கேடாக இருந்தது. கணக்கு எழுதும் கந்தோர் மேசையில் கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றி, குச்சி குச்சியாக வந்த தீனியைப் போட்டோம். தேநீர் ஆறும் முன்னே அது கரைந்து தம்ளர் முழுக்கக் கலங்கலாகிவிட்டது. நீங்கள் ஒரு தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். "இது தீனி இல்ல தங்கச்சி, பள்ளிவாசல் கஞ்சி."

எனக்கு அழுகை வந்தது. நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு இயந்திரத்தடிக்குப் போனீர்கள். அரைவை கரடுமுரடாக இருப்பதால்தான் ஒட்டவில்லை என்று நான் சொன்னேன். கோழிச் சல்லடையைக் கழற்றிவிட்டு மிக நுண்ணிய சல்லடை போட்டால் இயந்திரம் சூடேறும், அதற்கு எப்படி விட்டுவிட்டு ஓட்டுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. கோதுமை மாவைக் கூட்டினோம். ஆவியில் கூடுதல் நேரம் வேகவிட்டோம். பல வாரம் தம்ளர்களோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் ஒருநாள் காலையில் போட்ட குச்சி நடுப்பகலில் ளுஹர் பாங்கு கேட்கும்போதும் முழுசாகக் கிடந்தது. கரண்டியால் எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தீர்கள்.

ஆனால் அந்த ஆவியே வைட்டமின் சியைக் கொன்றுவிடும். அது இல்லாமல் இறாலின் உடம்பு நோய்க்குத் தாக்குப்பிடிக்காது. குச்சி ஆறியபிறகு மீனெண்ணெயில் கலந்து மேலே பூச வேண்டும். அந்த வைட்டமின் தூளை வாங்கத்தான் கொழும்புக்குப் போனோம். தனியாகப் போய்வருகிறேன் என்றேன். "ஒங்கட அட்டயோட, வெள்ளத் தூளயும் தூக்கிட்டு, தனியாவா?" என்று நோன்போடு லொறியில் ஏறி உட்கார்ந்தீர்கள்.

திரும்பி வரும்போது மலை ஏறுமுன் சோதனைச் சாவடியில் லொறியை மறித்தார்கள். என் அட்டையைப் பார்த்தார்கள், பிறகு தூள் பைகளைப் பார்த்தார்கள். என்னை இறக்கி மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் தனியாக நிறுத்தினார்கள். குண்டு செய்யும் மருந்தா என்று ஒருவன் கேட்டான். எனக்குச் சிங்களம் மறந்துபோனது. தமிழும்தான். அந்த நாட்களில் அப்படி இறக்கப்பட்ட எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நீங்கள் லொறியிலிருந்து இறங்கி நேரே என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். "மே இஸ்ஸன்கே கேம, மாத்தயா" என்றீர்கள். இறாலின் சாப்பாடு என்றால் யார் நம்புவார்கள்? கண்டிக்குப் போகிற லொறியில் இறாலா என்று அவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் நீங்கள் பையை அவிழ்த்து, ஒரு பிடி தூளை அள்ளி, அத்தனை பேரும் பார்த்திருக்க வாயில் போட்டு விழுங்கினீர்கள்.

புளிப்பில் உங்கள் கண் சுருங்கி நீர் வழிந்தது. பையை அந்தச் சிப்பாயிடம் நீட்டினீர்கள். அவன் நுனிவிரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். மற்றவன் சிரித்துவிட்டான். சாவடிப் பெரியவர் வந்து அவரும் ருசி பார்த்தார். அதற்குப் பிறகும் என் அட்டையைப் பற்றி எங்கெங்கோ விசாரித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அவ்வளவு நேரமும் நீங்கள் என் பக்கத்திலேயே நின்றீர்கள். தண்ணீர் தந்தார்கள், வாங்கவில்லை.

"நோன்புதான் முறிஞ்சிட்டுதே ராத்தா, குடியுங்கோவன்" என்றேன்.

"முறிஞ்ச நோன்புக்கும் ஒரு மரியாத ஈக்கு. மஃரிபாகட்டும், பொழுது பட்ட பொறகு குடிப்பம்."

லொறி மலை ஏறும்போது என்னால் அடக்க முடியவில்லை. எனக்காக ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "நோன்ப பொறகு புடிச்சிக்கலாம். ஒங்கள பொறகு எங்க போய்த் தேடுற?"

சிலாபத்தில் ஒரு முதலாளி தன் குளங்களில் ஒன்றை எங்களுக்கு விட்டுத்தந்தார். பக்கத்துக் குளத்துக்குக் கப்பல் தீனி. எங்கள் தீனியைத் தட்டில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினோம். தூக்கியபோது வைத்தது வைத்தபடி இருந்தது. இறால் கிட்டவும் வரவில்லை. எல்லாச் சத்தும் இருந்தது, இறாலைக் கூப்பிடும் மணம்தான் இல்லை. அன்றே சிலாபச் சந்தையில் கூனியும் இறால் தலையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். காயவைத்து, அரைத்து, சேர்த்தோம். கொலஸ்ட்ரோலும் அதிலேயே கிடைத்தது. அடுத்த முறை தட்டைத் தூக்கியபோது அது துடைத்தெடுத்த மாதிரி வெறுமையாக இருந்தது. நீங்கள் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தீர்கள், எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று.

அறுவடைக்கு உங்கள் மச்சானும் வந்தார். இரும்புக் கடைக்கு நாள் குறிக்கத்தான் வந்தார் என்று நான் நினைத்தேன். மதகு திறந்து தண்ணீர் வடிய வடிய, வலைப்பைக்குள் இறால் துள்ளி விழும் சத்தம் கூரையில் மழை இரைவது போலக் கேட்டது. கூடை கூடையாக ஏறியது. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்கு வெளியே நீண்டது. ஓடு கல் மாதிரி. ஆள் போதவில்லை. மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிக் கூடை தூக்கினார். முகமெல்லாம் சேறு. "மதினி, இன்னும் கூடை ஈக்கா?" என்று அவர் கரையைப் பார்த்துக் கத்தியபோது நீங்கள் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றீர்கள். பக்கத்துக் குளத்துக் கூடைகளும் எங்களுடையவையும் தராசில் ஏறின. எங்களுடையது ஒரு படி மேலே.

முதலாளி ஓர் இறாலை மீசையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தபடி, "காகெத மே கேம?" என்று கேட்டார். யாருடைய தீனி இது என்று. ஆலை உங்களுடையது, மூட்டையில் உங்கள் கணவரின் பெயர். "மகே", என்னுடையது, என்று நீங்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், நான் உட்பட. நீங்கள் என் தோளில் கைபோட்டு இழுத்து முன்னால் நிறுத்தி, "அபே" என்றீர்கள். எங்கட.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பெருநாளுக்கு ஆலை மூடவில்லை. இரண்டாவது இயந்திரம் வந்தது. மச்சானே லொறியோடு சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் தீனி கொண்டுபோனார். சண்டை முடிந்தபின் என் தம்பிமார் கனடாவுக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

போன வாரம் தீனி வாங்க வந்த இளம் பண்ணைக்காரர் ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "மிஸ் யாழ்ப்பாணமா?" என்றார்.

"பிறந்தது அங்கை" என்றேன். "ஆனா எங்கட ஊர் பிலிமத்தலாவை."

நான் எழுந்துபோய் அவருக்கு இயந்திரங்களைக் காட்டினேன்.