மாடிக் குளியலறைத் தண்ணீர்

மகள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவிக்கு,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய். அங்கே குழாயைத் திருகினால் அருவி மாதிரி கொட்டுகிறது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். இங்கிருந்து கூப்பிட்டால் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், வீடே கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "தண்ணி ஒழுங்கா வரட்டும், அப்புறம் கூப்பிடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி சொன்னாய். அவர் இப்போது என்னைப் பார்த்தால், "தண்ணி வந்துடுச்சா சார்?" என்று கேட்கிறார். வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

வாளி தூக்கித் தோள் வலிக்கிறது என்று நீ சொன்னபோதெல்லாம் நான் சும்மாவா இருந்தேன்? ஷவரைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தேன். அடைப்பானை மாற்றினேன். யாரிடமும் கைகட்டி நின்று கற்றதில்லை. எல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செய்தது.

மகள் என்னைக் கேட்காமல் ஒரு பிளம்பரை அனுப்பினாள். அந்த மனிதர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பழைய வீடு பெரியவரே, இப்படித்தான் வரும். பிரஷர் பம்பு ஒண்ணு வெச்சிடலாம்" என்றார். ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குழாய் இறங்குகிறது. சமையலறையில் நன்றாக வருகிறது, குளியலறையில் மட்டும் நூல் மாதிரி வருவானேன் என்று கேட்டேன். "அவ்வளவு தெரிஞ்சவர் நீங்களே பாத்துக்கோங்க" என்று போய்விட்டார். போகட்டும்.

வியாழக்கிழமை தொட்டியை வடியவிட்டு நானே உள்ளே இறங்கினேன். மகளிடம் சொல்லாதே. குளியலறைக் குழாயின் வாயில் கைப்பிடி வெட்டிய டீ வடிகட்டி ஒன்று, சேறும் பாசியும் அப்பி, களிமண் உருண்டையாக இருந்தது. செம்புக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. இந்த வீட்டில் அப்படிக் கட்டுகிற ஆள் ஒருவன்தான்.

தண்ணீரில் மணல் வந்த வருடம் கட்டியது அது. அப்போது அது சரியான ஏற்பாடு, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். வருடம் ஒருமுறை கழுவ வேண்டும் என்று யாராவது எனக்கு நினைவூட்டியிருக்கலாம். நான் எடுத்ததை மறந்து, டீ வடிகட்டியைச் சக்கையோடு குப்பையில் போட்டுவிட்டாய் என்று அன்று உன்னைத் திட்டியது மட்டும் தப்பு. நீ மூன்று நாள் பேசவில்லை. யார் கட்டியது என்று மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்போது வாளி இரண்டே நிமிடத்தில் நிறைகிறது. ஷவரில் நின்றால் முதுகில் அடிக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

சமையலறையிலிருந்து மாடிக் குளியலறைக்கு நாளைக்கு ஐந்து வாளி சுமந்தாய். ஆறு வருடம். மொத்தம் எத்தனை என்று பார்க்கக் காகிதத்தோடு உட்கார்ந்தேன். பாதியில் பேனாவை மூடிவிட்டேன்.

தோள் முழுக்கச் சரியாகும்வரை அங்கேயே இரு. நான் அவசரப்படுத்தவில்லை. எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் ஒரு வரி எழுது. பெட்டியை நீ தூக்காதே, நான் வண்டிக்குள்ளேயே ஏறி எடுத்துக்கொள்கிறேன்.

நல்லபடியாக இரு.

உன் வீட்டுக்காரன்