பட்டன் இருக்கும் பக்கம்

ஏற்காடு
4.1.2026

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே போன் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம் எழுதியாக வேண்டும். பள்ளியைக் கட்டிய வெள்ளைக்காரன் போட்ட விதி, நூறு வருஷமாக நடக்கிறது. அவனுடைய காப்பித் தோட்டத்துக்கு நடுவில்தான் பள்ளி. காப்பி பறிப்பவர்களின் பிள்ளை ஒன்றுகூட இங்கே படிக்கவில்லை. இலவச இடத்தில் வந்த நான் அதைக் கேட்கக் கூடாதாம்.

நீங்கள் தைத்த கோட்டு கச்சிதம். ஆனால் பட்டனை ஆண்கள் பக்கம் வைத்துவிட்டீர்கள். "உங்க அண்ணன் கோட்டா?" என்று சிரிக்கிறார்கள். மாற்றாவிட்டால் நிறுவனர் நாள் குழுப்பாட்டில் எனக்கு முன்வரிசை கிடையாது என்கிறார் வார்டன்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி அந்த விழாவுக்கு நீங்களும் அம்மாவும் வர வேண்டும்.

உங்கள்
பிர்தௌஸ்

திருவண்ணாமலை
10.1.2026

அன்பு மகளுக்கு, அத்தா துஆவுடன் எழுதுவது.

இத்தனை வருஷம் ஆம்பளைத் துணியே தைத்த கை, பழக்கத்தில் வலப்பக்கம் போய்விட்டது. "பொண்ணுக்குத் தைக்கிறோம்னு கூடவா ஞாபகம் இல்ல?" என்று உன் அம்மா இன்னும் விடவில்லை. கோட்டை அனுப்பு, மாற்றித் தருகிறேன். இடம் கொடுத்தவர்களிடம் வம்பு வேண்டாம், நன்றியோடு இரு.

ஒன்றாம் தேதி பௌர்ணமி. கடையை மூட முடியாது. நான் வந்தால் தைத்தவன் இவன்தான் என்று உன்னைப் பார்த்து இன்னும் சிரிப்பார்கள்.

அஸ்பாக்

ஏற்காடு
18.1.2026

அன்புள்ள அத்தா,

கிரிவலம் சுற்ற வருகிறவர்கள் உங்களிடம் பேன்ட் தைக்கவா வருகிறார்கள்? பொய் எழுதாதீர்கள்.

கோட்டை அனுப்ப மாட்டேன். "எங்க அத்தா தைச்சது மிஸ். இப்படியேதான் போடுவேன்" என்று வார்டனிடம் சொல்லிவிட்டேன். கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்.

நன்றி இருக்கிறது அத்தா. நூலகத்துக்கு, காலை வெந்நீருக்கு, பாட்டு டீச்சருக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்தப் பனியில் என்னைக் காப்பது நீங்கள் தைத்த கோட்டுதான். அதற்கு நன்றி சொல்லாமல் வேறு யாருக்குச் சொன்னாலும் அது நடிப்பு.

நீங்கள் வராவிட்டால் பாட மாட்டேன்.

பிர்தௌஸ்

திருவண்ணாமலை
24.1.2026

மகளே,

ஒன்றாம் தேதி கடை விடுமுறை என்று எழுதி மாட்டியாகிவிட்டது. நீ பாடு. நாங்கள் கடைசி வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

உன் கோட்டில் மிஞ்சிய துணியில் எனக்கு ஒரு கையில்லாக் கோட்டு தைத்தேன். முதுகுக்குப் போதவில்லை, லைனிங் துணியை வைத்து ஒட்டுப் போட்டேன். எனக்கென்று புதிதாகத் தைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. "இந்த வாட்டியாவது பட்டன் சரியா இருக்குதா?" என்று உன் அம்மா கேட்டாள்.

சரியாகத்தான் இருக்கிறது. உன்னுடையது இருக்கிற அதே பக்கம்.

அத்தா