பின்னறைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம்தான். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவர் காதில் விழக் கூடாத சங்கதி இது, அதனால் மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கையைக் குறை சொல்லாதே, மனசு சரியில்லை.

நீங்கள் வந்தால் தங்குவதற்கென்று கட்டின பின்னறை பூச்சு வேலை, கதவு, ஜன்னல் எல்லாம் முடிந்து கிடக்கிறது. கரண்ட் ஒன்றுதான் பாக்கி. மின்சார அலுவலகத்திலிருந்து வந்து சோதித்து, வயரிங் சரி என்று சான்று தந்தால்தான் இணைப்புக் கொடுப்பார்கள், அது உனக்கும் தெரியும். வேறு ஒருவரை விட்டு வேலை செய்யலாம் என்று நான் வாயெடுத்ததற்கே அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் ஊரார் வீட்டு வயரிங்கில் குற்றம் கண்டுபிடித்த மனுஷன், தன் வீட்டில் இன்னொருத்தரைக் கை வைக்க விடுவாரா. அவரே குழாய் பதித்தார், அவரே வயர் இழுத்தார். வேலை செய்யும்போது மெயின் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாரே, தெரியாமல் யாரும் கரண்டைப் போட்டுவிடக் கூடாதென்று, அதே மாதிரி ஒரு நாள் போட்டுக்கொண்டு முடி வெட்டிக்கொள்ளப் போய்விட்டார். வீடு முழுக்கக் கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜில் இருந்த பால் திரிந்துபோனது, திரும்பி வந்தவர் மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டு ஏன் கரண்டை நிறுத்தினீர்கள் என்று ஒரு பிடி பிடித்தார் பார், அவர்கள் பாவம் என்ன செய்வார்கள். சாயங்காலம் சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் பியூஸ். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன், அவர் சிரிக்கவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சோதிக்க வந்தது நம் கண்ணாடிக்காரர்தான், முன்பு அப்பாவிடம் வேலை பழகினாரே, இப்போது அந்த அலுவலகத்தில் அதிகாரி. மீட்டரை வைத்துப் பார்த்தவர் எர்த் எங்குமே வரவில்லை என்றார். மூடியைக் கழற்றினால், ஷாக் அடிக்காமல் காப்பாற்றும் அந்தப் பச்சை எர்த் வயரை ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியிலும் அழகாகச் சுருட்டி வைத்திருக்கிறது, ஒன்றிலும் மாட்டவில்லை. அப்பா கொத்தனார்மேல் பழி போட்டார். நான் மாட்டினதை அவன்தான் பிடுங்கியிருக்கான் என்று சத்தம் போட்டார். சரி அண்ணே, நீங்களே இன்னொரு தடவ பாத்துடுங்க, நான் திரும்ப வர்றேன் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார் அவர். அப்பா மறுபடி எல்லாவற்றையும் திறந்து முடுக்கினார், நான்தான் ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தேன், எனக்கு அதில் என்ன தெரியும் சொல். அடுத்த முறை வந்து திறந்தால் பச்சை வயர் அதே மாதிரி சுருண்டு கிடக்கிறது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார், இந்தத் தடவை யார்மேலும் பழி போடவில்லை. கண்ணாடிக்காரர் வாசலுக்கு வந்து, அக்கா, இது வயரிங் கோளாறு இல்ல, அண்ணனை டாக்டர்கிட்ட காட்டுங்க என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போனார்.

காட்டினோம். ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறதாம், மருந்து கொடுத்தால் கொஞ்சம் மெதுவாகப் போகுமாம், போனது திரும்பி வராதாம். டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவே, வேற ஆளை வெச்சுப் பிரிச்சுத் திரும்பப் போடச் சொல்லு, கொழந்த படுக்கப்போற ரூம் என்றார். அந்த வார்த்தையைச் சொல்ல அவர் எவ்வளவு சிரமப்பட்டிருப்பார் என்று உனக்குத் தெரியும். ஆனால் மறுநாள் ஆள் வந்து முதல் பெட்டியைத் திறந்ததும், யாரைக் கேட்டு என் வேலையில கைய வெக்கிற என்று வந்தவர் கையிலிருந்த திருப்புளியை அப்பா பிடுங்கிவிட்டார். நீங்கதானே வரச் சொன்னீங்க என்று நான் சொன்னதும் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார் கண்ணு, அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. வந்தவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அறை அப்படியே கிடக்கிறது, சான்றும் வரவில்லை.

அறை தயாரான பிறகு வருகிறோம் என்று நீ சொல்லியிருந்தாய். அதற்காகக் காத்திருக்காதே. கரண்ட் இல்லாவிட்டால் என்ன, எல்லோரும் முன்னறையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். உன் பெயரும் குட்டியின் பெயரும் இப்போதைக்கு அவருக்குத் தடுமாறாமல் வருகிறது. எப்போது வருகிறாய் என்று ஒரே பேச்சில் பலமுறை கேட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கிற மாதிரியே பதில் சொல்லு, எரிச்சல் காட்டிவிடாதே. மாப்பிள்ளையிடம் நிதானமாக எடுத்துச் சொல்லு. வேளைக்குச் சாப்பிடு, குட்டிக்கு என் முத்தம். மூவரும் நீண்ட ஆயுளோடும் மனநிறைவோடும் இருக்க வேண்டும்.

நேற்று அவருக்கு நல்ல தெளிவு. என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு என்ன ஆகுதுன்னு எனக்கே தெரியுது, பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாத, சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா என்றார். அதனால்தான் சொல்கிறேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வா.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா