தேதி பார்க்காமல் வாங்கிய புத்தகம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

கடை இருப்பைப் பார்க்க நானே புரோகிராம் எழுதலாமென்று, பைத்தான் என்ற கணினி மொழிக்குத் தடித்த புத்தகம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். பத்து நாளாக முதல் பாடத்துப் புரோகிராமே கணினியில் ஓடவில்லை. கணக்குப்பிள்ளை புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"முதலாளி, இது எப்பவோ மாறிப்போன பழைய பைத்தான். தேதி பாக்காம ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது எடுப்பீங்களா?"

வெட்கமாகிவிட்டது. கணினி படிக்கக் கேட்ட மகளை, "அது சோறு போடாது" என்று தடுத்தவன் நான். அவளோ தானாகவே கற்றுக்கொண்டாள். எதைப் பார்த்துக் கற்றாள் என்று கேட்டு எழுது. யாரோ நண்பருக்கு என்று சொல்.

வேண்டாம், பொய் எதற்கு? அப்பாவுக்குத்தான் என்றே சொல்.

சரக்கு லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். அவள் சிரித்தால், அதையும் எழுது.