ஈஸ்டருக்கு நேர்ந்துவிட்ட சுரைக்காய்

அன்புள்ளவளுக்கு,

இன்று காலை பின்பக்கச் சுவரில் ஏறிவந்திருந்த ஒரு கொடியைப் பிடித்து இழுத்துப் போட்டேன். பக்கத்துக் காம்பவுண்டில் யாரோ வைத்த சுரை, சுவர் தாண்டி வந்து நம் துணிக்கொடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கையெல்லாம் சுரை இலை வாடை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அதை நல்ல வாடை என்று சொன்ன ஒரே ஆள் நீதான். "இன்னா டீச்சர் மூஞ்சிய சுளிக்கிற? பச்சக் கொழந்த தல மாரி வாசனையா கீது" என்பாய். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. நனைந்த பூனை வாடை என்றுதான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

நீ போன பிறகு இது இரண்டாவது தபசு காலம், ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. கையை மோந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

நாம் தோட்டம் போட்ட வருஷம் உனக்கு நினைவிருக்கும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, பிறகு அசடு வழிய ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்திருந்த சமயம். உன் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போயிருந்தார். சாந்தோமில் நம் காம்பவுண்டின் கடைசி வீட்டில் நீயும் மூன்றாம் வகுப்புப் படித்த உன் மகளும்; அதை ஒட்டிய வீட்டில் நான். கல்யாணம் ஆகாத கான்வென்ட் டீச்சர். காம்பவுண்டில் மற்றவர்கள் என்னிடம் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீ ஒருத்திதான் என் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே வருவாய்.

அந்தத் தை மாதம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து உன் மாமனார் வந்தார். தோளில் புது அரிசி மூட்டை. மூட்டையை இறக்கிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தார். தண்ணீராக ஓடிய கருவாட்டுக் குழம்பு. காய் என்று ஒரு துண்டு இல்லை. அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இத்தத்தான் தெனம் துன்றீங்களா? ஈஸ்டர் முடிஞ்சி வருவேன். அப்பவும் இப்டியே இருந்தா உன்னையும் புள்ளையையும் ஊருக்குக் கூட்டிக்கினு போயிடுவேன்மா. பட்டாளத்துல கீறவன் வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. நீயும் சரி மாமா என்று தலையாட்டி வண்டி ஏற்றிவிட்டு வந்தாய்.

வந்ததும் என் வீட்டு வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாய். "அங்க பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடமே கெடையாது டீச்சர். போனா இவ ஆடு மேய்ப்பா. நான் போமாட்டேன்." பிறகு கொல்லைப்புறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "காய் இல்லன்னுதான சொன்னாரு? காய் போட்டுட்டா?"

உனக்கும் தோட்டம் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். நான் பாடப் புத்தகத்தில் இலையின் பாகங்களைப் படம் போட்டுக் காட்டுகிறவள். கொல்லையில் மண்ணைத் தோண்டினால் கிளிஞ்சல் வந்தது. அந்த மணலில் எருக்கஞ்செடி கூட முளைக்காது என்றேன். மீன்காரப் பெண்களிடம் கேட்டு மீன் செதிலும் குடலும் கூடை கூடையாக வாங்கிவந்து புதைத்தாய். சாந்தோமில் இருந்த அத்தனை பூனைகளும் அன்று சாயங்காலமே நம் பாத்தியில் மாநாடு போட்டன. போட்ட விதை ஒரு பக்கம், பூனை தோண்டிய குழி ஒரு பக்கம். காம்பவுண்டே மூக்கைப் பிடித்துக்கொண்டு நம்மைத் திட்டியது. கடைசியில் பால்காரரிடம் கெஞ்சிச் சாணியும் அவர் கொட்டகை மண்ணும் வாங்கி, முள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை, மூலையில் இரண்டு பப்பாளி, சுவரோரமாகச் சுரை. சவுக்குக் கொம்பு நட்டுப் பந்தல் போட்டோம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. "உன் கையெழுத்து மாரியே கீது" என்றாய். நான் கரும்பலகையில் கொஞ்சம் சாய்த்து எழுதுவேன் என்பதை என் பள்ளியில் படித்த உன் மகள் உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

தண்ணீர்தான் பெரும்பாடு. நம் கிணறு பங்குனியில் கரிக்க ஆரம்பிக்கும். அதிகம் இறைத்தால் இன்னும் கரிக்கும். செடிக்கு இறைத்தால் நாங்கள் எதைக் குடிப்பது என்று மற்ற வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். நியாயம்தானே? அதனால் அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் அலம்பின தண்ணீர் எல்லாம் கத்தரிக்கும் வெண்டைக்கும் போனது. போதாததற்குத் தெருக்குழாயிலிருந்து காலையில் பள்ளிக்குப் போகுமுன் நான் இரண்டு வாளி தூக்கி வந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டீச்சர் தண்ணீர் சுமப்பதைப் பார்க்கத் தெருவில் சில பிள்ளைகள் நின்றார்கள். வகுப்பில் அதற்குச் சேர்த்துக் கணக்குக் கொடுத்துவிட்டேன்.

மாசிக் கடைசியில் சுரை பூத்தது. பங்குனியில் முதல் பிஞ்சு, விரல் நீளம், மேலெல்லாம் பூனைமயிர். நாம் இரண்டு பேரும் அதன் முன் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். முதல் காய் கோயிலுக்கு என்று சொன்னது நான்தான். நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம். ஈஸ்டர் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் முதல் காய், முதல் கோழி என்று வைத்து ஏலம் விடுவார்கள். நீ உடனே சிலுவை போட்டு நேர்ந்துகொண்டாய். உன் மகளின் தலையிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்து அந்தக் காம்பில் கட்டினாய். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, ரிப்பனை இழந்தது அவள், யோசனை சொன்னது நான்.

அந்த வருஷம் பார்த்து ஈஸ்டர் ஏப்ரல் கடைசிக்குப் போய்விட்டது. அவ்வளவு தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. ரிப்பன் கட்டின காய் வளர்ந்தது, வளர்ந்தது, குடம் போல ஆனது. காம்பவுண்டில் எல்லோரும் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்த பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. கத்தரி இலை சுருண்டுகொண்டது. வெண்டை மட்டும் ஏதோ நாலு காய் கொடுத்தது. உன் மாமனார் சட்டியைத் திறந்தால் காட்டுவதற்குச் சுரையைத்தான் நம்பியிருந்தோம். கொடி முழுக்க ஒரே ஒரு காய், அதுவும் கோயில் காய்.

கண் பட்டுவிட்டது என்று பழைய சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் கவிழ்த்தாய். மீன் எருவின் சூடு என்று நான் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள், சீப்பைப் பிடித்த கையோடு எழுந்து வந்தாய்.

"டீச்சர், இவ பெரிசாகியும் பால் மறக்காம இருந்தா இல்ல? அதுவரைக்கும் எனக்கு வயித்துல வேற எதுவும் தங்கல. இந்தக் காயும் அப்டிதான். முத்திப்போயும் குடிச்சிக்கினே கீது. அதான் அடுத்தது நிக்கல. அறுத்துடலாமா?"

"நேர்ந்துவிட்ட காயை ஈஸ்டருக்கு முன்னாடி அறுப்பாங்களா? நல்லாயிருக்குடி!"

"அப்ப நான் ஊருக்குப் போயிடட்டுமா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லன்னு நீ சொல்ற. உனக்கு இன்னா, டீச்சர்!" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்கும் கோபம். மறுநாளும் நீ உன் வீட்டில், நான் என் வீட்டில். தண்ணீர் மட்டும் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனேன்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு நான் கோயிலில் இருந்தபோது, வழிபாடு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் நீ உள்ளே வந்தாய். இடுப்பில் பிள்ளையைத் தூக்குவது போல அந்தச் சுரைக்காய், ரிப்பனோடு. நான் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன், உன்னைத் தெரியாதவள் போல. நீ நேராகச் சாமியாரிடம் போனாய்.

"ஸ்தோத்திரம் சாமி. ஈஸ்டருக்கு நேர்ந்துக்கின காய். கொஞ்சம் அட்வான்சா கொண்டாந்துட்டேன்."

சாமியார் காயைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். தபசு காலத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா முத்தியிருக்கு. இது ஈஸ்டர் தாண்டியும் கெடாதே! அந்த அறை மூலையில வச்சிட்டுப் போ, ஏலத்தன்னைக்கு எடுத்துக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். கோயில் காய் கோயிலிலேயே இருந்து ஈஸ்டருக்காகக் காத்திருக்கலாம் என்பது நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வெளியே வந்து என்னைப் பார்த்து, "இன்னா டீச்சர், என்ன தெரியுதா?" என்றாய். நேர்ச்சை நேர்ச்சைதான், கேட்காமல் அறுத்தது தப்புதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்று பாதி வழியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

குருத்து ஞாயிறுக்குள் கொடி புதுத் தளிர் விட்டது. பெரிய வெள்ளியன்று பந்தலில் பிஞ்சுகள் வரிசையாகத் தொங்கின. உன் மாமனார் ஈஸ்டருக்கு மறுநாள் வந்தார். இந்த முறை சட்டியை அவர் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. சுரைக்காய்க் கூட்டு, வெண்டைக்காய்ப் பொரியல், கீரை மசியல் என்று எல்லாவற்றையும் திறந்தே வைத்திருந்தாய். நிதானமாகச் சாப்பிட்டார். எழுந்து போய்ப் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். சாய்ந்த கொம்பு ஒன்றை நிமிர்த்தி மண்ணை மிதித்துவிட்டார். சரி, ஜெயித்துவிட்டோம் என்று நான் தெருக்குழாய்க்குப் போனேன்.

வாளிகளோடு திரும்பி வந்தபோது அவர் பந்தலடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் முள்வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

"தோட்டம் நல்லாத்தான் போட்டிருக்க. காய் இல்லன்னு சொன்னேனே ஒழிய, நான் கூப்ட்டது அதுக்கா? உன் மாமியா போனப்புறம் வூட்ல ஆளே இல்லம்மா. சோறு துன்னும்போது எதுர்ல ஒரு ஆளு குந்தியிருந்தா போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

நீ பதில் வைத்திருந்ததெல்லாம் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். வாளி சாய்ந்து தண்ணீர் என் காலில் கொட்டியது. நீ போய்விடுவாய் என்றே நினைத்தேன். உன் மகளுக்காகவும் உனக்காகவும் தண்ணீர் சுமக்கிறேன் என்று அத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே வர ஒருத்தி வேண்டும். அதற்காகத்தான் சுமந்தேன்.

நீ திரும்பிப் பார்த்தாய். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைக் கை காட்டினாய்.

"டீச்சருக்கும் யாரும் இல்ல மாமா. நாங்கதான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சேலையைச் செருகிக்கொண்டு ஈரக்காலோடு நின்றேன். பெரிய மனிதர் முன்னால் அப்படி நின்றதற்கு வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை. "அப்டியா" என்றார். எழுந்து வந்து என் கையிலிருந்த வாளிகளை வாங்கிக்கொண்டு போய்ச் சுரைக்கு ஊற்றினார். மறுநாள் காலை தனியாகத்தான் ரயிலேறினார். கோடை லீவுக்குப் பேத்தியை அனுப்பு என்று மட்டும் சொன்னார். அனுப்பினாய், வருஷா வருஷம்.

சண்டை முடிந்து உன் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். இப்போது துறைமுகத்தில் வேலை. உன் மகள் ஹைஸ்கூலில் நாலாம் பாரம் படிக்கிறாள். என்னைவிட உயரமாகிவிட்டாள், என்னைவிட அழகாக எழுதுகிறாள். ஆடு மேய்க்கவில்லை. இதெல்லாம் நீ பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். உன்னைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்கத் தெரியவில்லையே என்று எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

போன வாரம் உன் மாமனார் வந்திருந்தார். மகன் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போயிருந்த நேரம். நான் அன்று லீவு போட்டிருந்தேன். கதவு பூட்டியிருக்கவே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு இலை போட்டேன். ஆண்பிள்ளைக்குப் பரிமாறிவிட்டு உள்ளே போய் நிற்பதுதான் எனக்குப் பழக்கம். சோற்றை வைத்துவிட்டுத் திரும்பப் போனவள், என்னவோ தோன்றி, எனக்கும் ஒரு இலையை எடுத்துவந்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில் காற்றுக்குக் கதவு ஆடியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தோம். பிறகு நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.