வெற்றிலை என்று எழுதிய போத்தல்கள்

2025 மார்ச் 4

இன்றும் விஜேந்திரன் சேர் ஒரு சளிப் போத்தலைச் சோதிக்காமலே ஒதுக்கினார். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து ராசம்மாவுடையது. சளியில் சிவப்பு.

"வெத்தலைச் சாறும்மா. தோட்டத்து ஆளுங்க வாயக் கழுவாமத் துப்புவாங்க. குப்பையில போடு."

முடிவுத் துண்டுச்சீட்டில் எழுதினார்: 'வெற்றிலை. மீண்டும் கொண்டு வரவும்.' காலைப் பெரட்டில் பேர் கொடுக்காமல், அன்றைய கூலியை விட்டு, இன்னொரு தடவை யார் பதுளை ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்?

ஆறு வருடத்துக்கு முன் அம்மாவுக்கும் இதே துண்டு, இதே கையெழுத்து. அம்மா வெற்றிலையைத் தொட்டதே இல்லை. ஐந்து மாதத்தில் போய்விட்டார். இந்த ஆளுக்குக் கீழே வேலைக்கு வரவேண்டும் என்றுதான் ஆய்வுகூடப் படிப்பே படித்தேன். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. நல்லது.

மார்ச் 5

குப்பையில் போடவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனதும் ராசம்மாவின் சளியைச் சிலைட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி எழச் சூடாக்கி, அமிலத்தில் கழுவி, நீலம் ஊற்றினேன். அமிலம் பட்டாலும் காசநோய்க் கிருமி சிவப்பை விடாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நீலத்துக்குள் சிவப்புக் கோடுகள், எண்ணி முடியாது.

சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். மாட்டினான்!

மார்ச் 11

ஹாலிஎலத் தோட்டத்துக் கணபதி. 'வெற்றிலை.' அதுவும் காசநோய்தான்.

மார்ச் 17

மாதக் கடைசியில் மாவட்டக் காசநோய் அதிகாரி டாக்டர் ஸிஹாமா மேற்பார்வைக்கு வருகிறாராம். அதுவரை மூச்சு விடக் கூடாது. இப்போதே சொன்னால் ஏதோ தவறிவிட்டது என்று விஜேந்திரன் மழுப்பித் தப்பிவிடுவான். எல்லோர் முன்னாலும் தலை குனிய வேண்டும். அம்மா மூச்சுக்குத் தவித்த மாதிரி அவனும் தவிக்க வேண்டும்.

மார்ச் 20

இன்னொன்று. மூன்றாகிவிட்டது.

மார்ச் 28

டாக்டர் முன்னால் மேசையில் வைத்தேன், மூன்று சிலைட்டையும். அவன் முகம் செத்துப்போனது. இதற்காகத்தானே ஆறு வருடம்?

டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லா சாயம் போட்டிருக்கீங்க, யசோதினி." பிறகு சிலைட் ஓரத்தில் இருந்த தேதியைப் படித்தார். "மார்ச் அஞ்சா? இவங்களுக்கு எப்ப சொன்னீங்க?"

அவனைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

மார்ச் 29

முதல் பஸ்ஸில் தெமோதரை. ராசம்மா லயத்து அறையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். மகள் தனுஜா இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"வெத்தலைன்னு எழுதியிருந்துச்சுங்களே. அதான் பயப்படாம எல்லாரும் ஒரே கம்பளியில படுத்தோம்."

குழந்தை இருமியது.

வெற்றிலை இல்லை, காசநோய் என்று சொன்னேன். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சிச்சு?"

"நேத்துதான்" என்றேன்.