யாராவது வந்தால் இல்லாத பெண்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதறது.

நீ நல்லா இருப்பே, உனக்கென்ன. இங்க நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், உன் தங்கச்சி பாப்பாதான் நல்லா இல்ல, அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நான் ரெண்டு வார்த்தை சூடாப் பேசினா உனக்கு உடனே மீட்டிங் வந்துடும், காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது பாரு. உங்கப்பா இன்னும் அந்த பேக்கரி வேனைத்தான் ஓட்டறார், முழங்கால் வலிம்பார், டாக்டர்கிட்ட போங்கன்னா வலி போயிடுச்சும்பார். எங்க தையல் கடையில ஆல்ட்டரேஷன் குவிஞ்சு கிடக்கு, ஊர்ல எல்லாரும் ஒரே மாசத்துல குண்டாயிட்டாங்க போல, பேண்ட் இடுப்பைப் பிரிச்சுப் பிரிச்சு என் விரல் தேஞ்சு போச்சு. சரி, விஷயத்துக்கு வரேன்.

போன மாசம் உனக்குப் பேசி வச்சிருக்கற பொண்ணோட அப்பா அம்மா நம்ம வீட்டுக்கு வந்தாங்களே, அதுக்கு முந்தின நாள் நீ போன் பண்ணி, அவங்க கிளம்பற வரைக்கும் பாப்பாவை எதிர் வீட்டு டீச்சரம்மாகிட்ட விட்டுடுன்னு சொன்னே. புது ஆளுங்க, பேச்சுச் சத்தம், அவளுக்குத்தான் கஷ்டம், அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்னே. அடடா, என்ன அக்கறை, என்ன அக்கறை. மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்துவாளா, லாரி சத்தத்துக்குப் பொத்துவாளான்னு பதினாலு வருஷமா உனக்குத் தெரியாது, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் எல்லாம் தெரிஞ்சுடுச்சு. அவளுக்கு ஆட்டிசம்னு டாக்டர் சொன்னப்போ, அதனால என்ன, அவ என் தங்கச்சின்னு பெரிய மனுஷனாட்டம் பேசினவன் நீதானே. அந்தப் பேச்சு நாலு சுவத்துக்குள்ள மட்டும் செல்லும்னு எனக்கு இப்பத்தான் புரியுது. இன்னொண்ணும் கேட்டுக்கோ, அன்னிக்கு என் கை நிறைய துணி, அதனால நீ பேசினது ஸ்பீக்கர்ல. அவ பக்கத்துலயே உக்காந்து பட்டனை எல்லாம் நிறம் பாத்துப் பிரிச்சுக்கிட்டிருந்தா. தலையே நிமிரல, அவ கவனிக்கலைன்னு நினைச்சேன். என் புத்தியைப் பாரு, தலை நிமிராட்டி காதும் கேக்காதா என்ன.

மறுநாள் உங்க அத்தை விடியக்காலையிலயே வந்து இறங்கினா, வீட்டைச் சம்பந்தி பாக்கற மாதிரி ஆக்கறதுக்காம். ஹால்ல மாட்டியிருந்த பாப்பா போட்டோவைக் கழட்டி அலமாரிக்குள்ள வச்சா. பாப்பா அங்கயே நின்னுக்கிட்டிருக்கறப்பவே, நல்ல வேளை இதை அனுப்பறீங்கன்னா. நாற்காலி இது, விளக்குமாறு இது, என் பொண்ணும் இதுவாம். அதோட விட்டாளா, இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பெரிய திறமை இருக்கும்பாங்களே, இவளுக்கு என்ன இருக்குன்னு ஒரு கேள்வி வேற. உங்க அத்தைக்கு என்ன திறமை இருக்குன்னு இத்தனை வருஷத்துல நாங்க யாராவது கேட்டோமா? மரியாதை கிடைக்கணும்னா பாப்பா மட்டும் சர்க்கஸ் காட்டணுமாம். இவ்வளவும் இப்பப் பேசறேனே தவிர அன்னிக்கு வாயை இறுக்கி மூடிக்கிட்டு, அவ செருப்பை நானே எடுத்துப் போட்டு எதிர் வீட்டுக்கு அனுப்பினேன். உன்னைவிட நான் ஒண்ணும் ஒசத்தி இல்ல. வந்தவங்க திரைச்சீலை அழகா இருக்குன்னாங்க, ஒரே பிள்ளையான்னு கேட்டாங்க, உங்க அத்தை ஆமான்னா. உங்கப்பா ஜன்னலைப் பாத்தார். நான் காலி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு கூரியர்காரர் மணி அடிச்சார். பாப்பா எழுந்து, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. நான் பெருசா எடுத்துக்கல. அப்புறம் மீட்டர் பாக்க வந்தவருக்கும் அப்படியே, இஸ்திரி துணி கொண்டு வந்தவருக்கும் அப்படியே. போன ஞாயித்துக்கிழமை உங்க அத்தை வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து ஊர்க்கதை பேசினா, ரெண்டு மணி நேரமும் என் பொண்ணு விளக்குகூடப் போடாம உள்ள நின்னுக்கிட்டிருந்தா. ஏன்டி இப்படிப் பண்றேன்னு கேட்டேன். யாராவது வந்தா நான் இல்லாம இருக்கணும், அண்ணன் சொன்னான்னு பஸ் நேரம் சொல்ற மாதிரி சொல்றா. அது அந்த ஒரு நாளைக்கு மட்டும்தான் கண்ணுன்னேன். எந்த நாளைக்கு இருக்கலாம், எந்த நாளைக்கு இருக்கக் கூடாதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டா. நீ படிச்சவன், நீ சொல்லு பாப்போம். அப்பத்தான் கேட்டா, "அம்மா, நான் இருக்கேன்னு தெரிஞ்சா அண்ணனுக்கு அசிங்கமா?"

அவ அழல. பதிலுக்காக நின்னுக்கிட்டிருந்தா. அப்படியெல்லாம் இல்லடா தங்கம்னு சொன்னேன். நீதானேம்மா என்னை அனுப்பினே, நீ சொல்ற பதில் வேண்டாம், அண்ணன்கிட்ட கேளுன்னுட்டா. அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல.

நேத்து சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, எங்களுக்குப் பதினாலு வயசுல ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்கு ஆட்டிசம், அன்னிக்கு அவளை ஒளிச்சு வச்சுட்டு உங்ககிட்ட பொய் சொன்னோம்னு சொல்லிட்டேன். குதிக்காதே, முழுசாப் படி. உடனே உனக்குப் பேசி வச்சிருக்கற பொண்ணே அந்தம்மாகிட்ட இருந்து போனை வாங்கி, தங்கச்சி இருக்கறதையே மறைக்கறவர் நாளைக்கு என்கிட்ட என்னத்தையெல்லாம் மறைப்பார்னு கேட்டா. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லல, அது உன் பாடு. அவகிட்டயும் போய் நல்லதுக்குத்தான் பண்ணினேன்னு ஆரம்பிச்சிடாதே, கேக்கச் சகிக்காது.

பல்லு வலின்னு சொன்னியே, தள்ளிப் போடாம போய்க் காட்டு. ஆசீர்வாதம் எப்பவும் உண்டு, பெத்த வயிறு, பண்ணாம இருக்க முடியாது. உன் தங்கச்சிக்குத் தனியா ஒரு கடுதாசி எழுது, மேல அவ பேரைப் போட்டு அனுப்பு. அலங்காரமெல்லாம் வேண்டாம், அவ கேட்டதுக்குப் பதில் மட்டும் எழுது. ஆமா, அசிங்கமாத்தான் இருக்குன்னா அதையே எழுது, பொய் மட்டும் எழுதாதே, அவளை நான் தாங்கிக்குவேன். அது வர்ற வரைக்கும் யார் மணி அடிச்சாலும் நானும் குளியலறைக்குள்ள போய் அவகூட நின்னுக்கறேன். இன்னிக்குக் காலையில உங்க அத்தை வந்து மணி அடிச்சுப் பாத்துட்டு, வீட்டுல யாரும் இல்லைன்னு திரும்பிப் போனா.

இப்படிக்கு,
உனக்கும் அவளுக்கும் அம்மா